கூரைக்குக் கீழே சுக்கான்: பைலட்ஹவுஸ் படகை எடைபோடுவது எப்படி?

நெடுங்கடல் பயணத்தில் படகு தளர்வதற்கு வெகு முன்பே ஆள் தளர்ந்துவிடுகிறார். கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து கரீபியனில் உள்ள செயின்ட் லூசியாவுக்கு ஏறத்தாழ 2,700 கடல் மைல். நாற்பது அடிப் பாய்மரப் படகு ஒன்று சராசரியாக ஐந்தரை நாட் வேகத்தில் போனால் ஒரு நாளைக்கு 132 மைல். கரை சேர இருபது நாள் பிடிக்கும். இப்படிப் போகிற படகுகள் பலவற்றில் இருப்பது இரண்டே பேர், பெரும்பாலும் கணவனும் மனைவியும். மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக் காவல் பார்த்தால், ஒரு நாளில் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், சுக்கான் இருக்கும் திறந்த காக்பிட்டில் உட்கார வேண்டும். வர்த்தகக் காற்று வீசும் வெப்பக் கடலில் அது இனிமையான வேலை. அதே பன்னிரண்டு மணி நேரத்தை நார்வே கரையோரத்திலோ அலாஸ்கா போகும் வழியிலோ வைத்துப் பாருங்கள். மழைக்கோட்டின் கழுத்து வழியே தண்ணீர் இறங்கும், விரல்கள் விறைக்கும். குளிரில் நடுங்குகிறவர் எல்லாவற்றையும் தள்ளிப்போடுவார். பாயைச் சுருக்க வேண்டிய நேரம் கடந்துபோகும், வரைபடத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டிய பாறை பார்க்கப்படாமலே போகும். கடலில் பல விபத்துகள் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

எனவே இந்த அத்தியாயத்தில் 'வசதி' என்று வரும் இடங்களிலெல்லாம் பாதுகாப்பையும் சேர்த்தே படியுங்கள். நன்றாகத் தூங்கி, உலர்ந்த உடையோடு, சூடாக ஏதாவது குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் மூளையும் வேலை செய்யும். அதற்காக ஒரு படகில் செய்யக்கூடிய பெரிய மாற்றம், சுக்கானைக் கூரைக்குக் கீழே கொண்டுவருவது. நம் மீன்பிடி விசைப்படகுகளில் வீல்ஹவுஸ் இருப்பதுபோல, பாய்மரப் படகின் நடுவில் சுற்றிலும் கண்ணாடி வைத்த ஓர் அறை. அதற்குள் ஒரு சக்கரமும் உயரமான ஓர் இருக்கையும். அதுதான் பைலட்ஹவுஸ்.

பாய்மரப் படகோட்டிகளில் ஒரு சாரார் இதை இன்னமும் ஏளனமாகப் பார்க்கிறார்கள். காற்று முகத்தில் அடிக்காவிட்டால் அது பாய்மரப் பயணமே இல்லை என்பது அவர்கள் கட்சி. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 1960-இல் நடந்த முதல் தனிநபர் அட்லாண்டிக் பந்தயத்தில் பிளண்டி ஹாஸ்லர் 'ஜெஸ்டர்' என்ற 25 அடிப் படகில் வந்தார். திறந்த காக்பிட்டையே மூடிவிட்டு, நடுவில் வட்டமாக ஒரு திறப்பு மட்டும் வைத்திருந்தார். ஒற்றைச் சீனப் பாயின் கயிறுகள் எல்லாம் அந்தத் திறப்புக்கு வந்து சேர்ந்தன. டெக்குக்குப் போக வேண்டிய தேவையே அநேகமாக இல்லாமல் 48 நாளில் நியூயார்க்கை அடைந்து, பிரான்சிஸ் சிச்செஸ்டருக்கு அடுத்த இடத்தைப் பிடித்தார். 1964-இல் அதே பந்தயத்தை வென்ற எரிக் தபார்லி, தன் 'பென் டுயிக் 2' படகில் ஒரு சண்டர்லாண்ட் கடல்விமானத்தின் பிளெக்சிகிளாஸ் குமிழைப் பொருத்தியிருந்தார். தலையை அதற்குள் வைத்துக்கொண்டு கடலைப் பார்க்கலாம். கடலோடி பெர்னார் முவாத்தெசியேயின் எஃகுப் படகு 'ஜோஷுவா'விலும் உள்ளிருந்தே சுக்கான் பிடிக்க வழி இருந்தது. இந்த மூவரையும் விடக் கடுமையான கடலோடிகளை யாரும் காட்ட முடியாது. உடம்பைக் காப்பாற்றிக்கொள்வது படகோட்டும் திறமையின் ஒரு பகுதி என்று அவர்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது.

எது பைலட்ஹவுஸ், எது இல்லை

விற்பனை விளம்பரங்களில் மூன்று வெவ்வேறு அமைப்புகளை ஒரே பெயரில் அழைக்கிறார்கள். வாங்கப் போகிறவர் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உள்ளே முழுமையான சுக்கான் சக்கரம், இன்ஜின் கட்டுப்பாடு, கருவிகள் எல்லாம் இருக்கிற உண்மையான பைலட்ஹவுஸ். பின்லாந்தின் சில்டாலா தளத்தில் கட்டப்பட்ட நாட்டிகேட் படகுகளும், வட கடல் மீன்பிடிப் படகின் உடலமைப்பைப் பின்பற்றி 1970-களில் இங்கிலாந்தில் வந்த ஃபிஷர் படகுகளும் இந்த வகை. இவற்றைப் பாதி பாய்மரம், பாதி மோட்டார் என்ற பொருளில் 'ஐம்பதுக்கு ஐம்பது' என்பார்கள். கனமானவை, உருண்டு திரண்டவை, மெல்லிய காற்றில் நகர மறுப்பவை. தைவான் தளங்கள் 1970, 80-களில் ராபர்ட் பெர்ரி வரைந்த டயானா 37 போன்ற முழுப் பாய்மரப் படகுகளுக்கும் பைலட்ஹவுஸ் வடிவம் கொடுத்தன. அவை பாயிலும் நன்றாக ஓடும்.

இரண்டாவது, டெக் சலூன். வரவேற்பறையை உயர்த்திப் பெரிய ஜன்னல் வைத்திருப்பார்கள். உட்கார்ந்தால் கடல் தெரியும். ஆனால் உள்ளே சக்கரம் இருக்காது, முன்பக்கப் பார்வையும் பல படகுகளில் அரைகுறைதான். ஆட்டோபைலட்டின் ரிமோட் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு 'உள்ளிருந்தே ஓட்டலாம்' என்று விற்பவர் சொன்னால், அந்த மேசையிலிருந்து படகின் முன்முனையான அணியத்துக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் தெரிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, காக்பிட்டுக்கு மேல் நிலையான கூரையும் முன்கண்ணாடியும். லா ரோஷெல்லில் கட்டப்பட்ட அமெல் சூப்பர் மராமு இதற்கு நல்ல உதாரணம். பின்புறம் திறந்திருக்கும், காற்று வரும், காதும் கேட்கும். வெப்பக் கடலிலேயே சுற்றப் போகிறவர்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. குளிர் நாட்டுக்குப் போகிறவர்களுக்குப் போதாது.

எங்கே போகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். அமெரிக்காவின் பியூஜெட் சவுண்டிலிருந்து கனடாவின் தீவுகளுக்கு நடுவே அலாஸ்கா வரை போகிற இன்சைட் பாசேஜ், இந்தப் படகுகளின் இயல்பான வீடு. அந்த வழியில் இருக்கும் கெச்சிக்கன் ஊரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. சென்னையில் பெய்வது 1,400 சொச்சம். கோடையிலும் கம்பளி தேவைப்படும். காற்று பெரும்பாலும் மலைகளுக்கு நடுவே நேரெதிராகவோ அல்லது அறவே இல்லாமலோ இருப்பதால், இன்ஜின் ஓடும் நேரம் அதிகம். அங்கே பைலட்ஹவுஸ் இல்லாத படகில் வந்தவர்கள் ஒன்றிரண்டு பருவத்துக்குப் பிறகு கேன்வாஸும் பிளாஸ்டிக்கும் தைத்துத் தாங்களே ஒன்றைக் கட்டிக்கொள்வதைத் துறைமுகந்தோறும் பார்க்கலாம்.

இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்

படகைப் பார்க்கப் போனதும் மரவேலையையும் சமையலறையையும் ரசிப்பதற்கு முன், நேராக உள் சுக்கான் இருக்கையில் போய் உட்காருங்கள். உங்கள் துணைவரையும் தனியாக உட்கார வையுங்கள், ஏனென்றால் உயரம் ஆளுக்கு ஆள் மாறும். ஐந்தடி இரண்டங்குலம் இருப்பவரின் கண்ணுக்கு நேரே ஜன்னல் சட்டம் வந்தால், அவருடைய காவல் நேரம் முழுக்க அவர் எக்கி எக்கித்தான் பார்க்க வேண்டும்.

பிறகு நண்பர் ஒருவரைச் சிறு படகில் ஏற்றி, அணியத்துக்கு முன்னால் நேராகப் போகச் சொல்லுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும் ரப்பர் படகு, தண்ணீரோடு சேர்த்து, எவ்வளவு தூரம் போனதும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது? நான்கு படகு நீளத்துக்குள் தெரியவில்லை என்றால் நான் அந்தப் படகை விட்டுவிடுவேன். இன்சைட் பாசேஜில் மரம் வெட்டும் தொழிலிலிருந்து நழுவிய அடிமரங்கள் தண்ணீரில் மிதக்கின்றன. சில செங்குத்தாக ஊறி, நுனி மட்டும் மேலே தெரிய நிற்கும். அவை ராடாரில் விழாது. கண் மட்டுமே காப்பாற்றும்.

பின்பக்கம் எவ்வளவு தெரிகிறது? பாய்மரம் பார்வையின் நடுவில் நிற்கிறதா? படகு 15 பாகை சாய்ந்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். சாய்ந்த பக்கத்து ஜன்னலில் வெறும் தண்ணீர் தெரியும், எதிர்ப்பக்கத்து ஜன்னலில் வெறும் வானம். அந்த நிலையில் இருக்கையிலிருந்து வழுக்காமல் காலை ஊன்றிக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும். எழுந்தால் பிடித்துக்கொள்ள, கைக்கு எட்டும் தொலைவில் அடுத்தடுத்துக் கம்பிகள் வேண்டும். அகலமான, அழகான பைலட்ஹவுஸ்கள் பலவற்றில் இந்தக் கம்பிகள்தான் இல்லை. அலையில் படகு எகிறும்போது அந்த அகலம் முழுவதும் நீங்கள் பறந்து போய் விழக்கூடிய தூரம்.

இரவில் வேறொரு சிக்கல். வெளியே இருட்டு, உள்ளே மின்னணு வரைபடம் காட்டும் சார்ட்பிளாட்டரின் திரை. அந்தத் திரையின் வெளிச்சம் முன்கண்ணாடியில் நீலக் கட்டமாக நிற்கும்; எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கு சரியாக அந்தக் கட்டத்துக்குள் மறைந்துவிட முடியும். மேற்புறம் முன்னோக்கிச் சாய்ந்த கண்ணாடி இந்தப் பிரதிபலிப்பைக் கண்ணிலிருந்து விலக்கிவிடும், வெயிலையும் குறைக்கும். மீன்பிடிப் படகுகளில் அப்படி வைப்பதற்குக் காரணம் அதுதான். பின்னோக்கிச் சாய்ந்த கண்ணாடி அலையை எளிதாக வழிய விடும், பார்க்கவும் அழகு, ஆனால் இரவில் தொல்லை. அப்படிப்பட்ட படகு வாங்கினால் திரைகளை அறவே மங்கலாக்க முடிகிறதா, இல்லாவிட்டால் கறுப்புத் துணி போட்டு மூட முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். முடிந்தால் பேரத்தை முடிக்கும் முன் ஓர் இரவு படகில் ஏறி, எல்லாக் கருவிகளையும் போட்டுவிட்டு உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளில் ஐந்தாம் விதி, பார்வையால் மட்டுமின்றிச் செவியாலும் எப்போதும் காவல் இருக்க வேண்டும் என்கிறது. மூடிய கண்ணாடி அறைக்குள் ஹீட்டர் விசிறியும் இன்ஜினும் ஓடும்போது பனிமூட்டத்தில் ஒலிக்கும் கப்பல் சங்கு கேட்காது. எனவே பக்கத்து ஜன்னலோ கதவோ திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும், பனியில் அதைத் திறந்தே வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே போய் முழு வட்டமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாயையும் ஒரு கண் பார்த்துவிட்டு வருவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சூடான அறை தூக்கத்தையும் கொண்டுவரும். அலாரம் வைக்காமல் அங்கே தனியாக உட்காரக் கூடாது.

கண்ணாடி தாங்குமா?

ஒரு கன மீட்டர் கடல்நீரின் எடை 1,025 கிலோ. உடைகிற அலை ஒன்று பல கன மீட்டர் நீரை வேகத்தோடு ஜன்னல்மேல் எறியும். பைலட்ஹவுஸ் படகுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் கனமானது இதுதான், அதை அலட்சியம் செய்ய முடியாது. பெரும்பாலும் அலையின் முன்பக்க அடியைவிட, படகு பக்கவாட்டில் தூக்கி எறியப்பட்டுக் கீழே இருக்கும் தண்ணீர்மேல் விழும்போதுதான் ஜன்னல் போகிறது.

ஜன்னல், மூடி, கதவு ஆகியவற்றின் வலிமைக்கு ஐ.எஸ்.ஓ. 12216 என்ற தரநிலை இருக்கிறது. ஐரோப்பாவில் 1998 முதல் விற்கப்படும் புதுப் படகுகளுக்குத் தர முத்திரை கட்டாயம்; அதில் 'ஏ' பிரிவு பெருங்கடலுக்கானது. அதற்கு முந்தைய படகு என்றால் நீங்களேதான் அளந்து பார்க்க வேண்டும். வைப்பர் ஓடும் முன்கண்ணாடி கடினப்படுத்திய கண்ணாடியாகவோ அடுக்குக் கண்ணாடியாகவோ இருக்க வேண்டும். அக்ரிலிக்கில் வைப்பர் உப்பைத் தேய்த்து ஒரே பருவத்தில் கீறல் போட்டுவிடும். பாலிகார்பனேட் சுத்தியலுக்கும் உடையாது, ஆனால் வெயிலில் மஞ்சளித்துக் கீறலும் விழும். பக்க ஜன்னல்களுக்கு அக்ரிலிக் போதும். எந்தப் பொருளாக இருந்தாலும் புயல் பலகைகள் கட்டாயம்: ஒவ்வொரு பெரிய ஜன்னலுக்கும் அளவெடுத்து வெட்டிய பிளைவுட் அல்லது பாலிகார்பனேட் தகடு, அதை வெளிப்புறத்தில் இறுக்கும் போல்ட்டுகள். விற்பவர் 'இருக்கிறது' என்றால் எடுத்து வரச் சொல்லி ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். பல படகுகளில் அவை முன் கேபினில் அடியிலே கிடக்கும், போல்ட்டுகள் காணாமல் போயிருக்கும்.

ஜன்னல்கள் உறுதியாக இருந்துவிட்டால் பைலட்ஹவுஸ் ஓர் உதவியும் செய்கிறது. படகு கவிழ்ந்தால், தண்ணீர் புகாத அந்த அறையின் மிதப்பு அதைத் திரும்ப நிமிர்த்தப் பாடுபடும். உடைந்துவிட்டால் அதே அறை பெரிய ஓட்டை. மத்திய நிலை கிடையாது.

பழைய படகுகளில் ஜன்னல் உடைவதைவிட ஒழுகுவதுதான் அன்றாடப் பிரச்சினை. உள்ளே நின்று டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்வாகப் பிடித்து, ஒவ்வொரு ஜன்னலின் கீழ் மூலையையும் பாருங்கள். வெனீரில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு கறை நாக்குபோல இறங்கியிருக்கும். அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் வெறும் கறை. சீல் மாற்றினால் சரியாகிவிடும். அமுங்கினால் உள்ளே பிளைவுட் உளுத்துவிட்டது என்று பொருள், அது சுவருக்குள் எங்கே வரை போயிருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். புதிதாக வார்னிஷ் அடித்த மூலை மட்டும் பளபளத்தால் இன்னும் கவனமாக அழுத்துங்கள். தேக்கு டெக் போட்ட படகில், நூற்றுக்கணக்கான திருகாணி ஓட்டைகள் ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு வாசல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தரைக்கு அடியில்

பைலட்ஹவுஸின் தரை உயர்ந்திருப்பதால் அதன் கீழே, படகின் நட்டநடுவில், ஒரு நல்ல இடம் கிடைக்கிறது. இன்ஜினும் டீசல், தண்ணீர்த் தொட்டிகளும் அங்கே போகும். கனம் நடுவிலும் தாழ்விலும் சேருவதால், மேலே எழுந்து நிற்கும் அறையின் எடைக்கு அது ஈடு செய்கிறது. படகின் ஆட்டமும் மென்மையாகிறது. தரைப் பலகையைத் தூக்கினால் இன்ஜினின் நான்கு பக்கமும் கை போக வேண்டும். கடல்நீர் பம்ப்பின் இம்பெல்லரை உடம்பை முறுக்காமல் மாற்ற முடிகிறதா என்பது நல்ல சோதனை, ஏனென்றால் அது கெடுவது கரடுமுரடான கடலில்தான்.

எரிபொருள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கனமான நாற்பதடிப் படகு ஆறு நாட் வேகத்தில் மணிக்கு நான்கு லிட்டர் குடித்தால், 500 லிட்டரில் 125 மணி நேரம், 750 மைல். ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாகக் கழித்தால் 600. நீர்க்கோட்டு நீளம் 36 அடி என்றால் அப்படிப்பட்ட படகின் உச்ச வேகம், அடியில் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், எட்டு நாட். அதை எட்ட முயன்றால் டீசல் கணக்கு தலைகீழாகிவிடும்.

காவலில் இல்லாதவர் தூங்கும் இடம் பைலட்ஹவுஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால் நல்லது. படகின் நடுவில் ஆட்டம் குறைவு, கூப்பிட்டால் காதில் விழும். அகலம் 60 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அகலமான மெத்தையில் உருண்டுகொண்டே இருக்க நேரும். உருளாமல் தடுக்கும் துணி கட்ட வளையம் இருக்க வேண்டும். துறைமுகத்தில் மனதைக் கவரும் பின் கேபின் இரட்டைக் கட்டில், அலைகடலில் பல நேரம் காலியாகத்தான் கிடக்கும்.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஜனவரி, பிப்ரவரியில் வாடைக்காற்றைப் பிடித்துப் புக்கெட்டிலிருந்து காலி, கொச்சி வழியாக மேற்கே போகும் படகுகளில் பைலட்ஹவுஸும் உண்டு, நண்பகலில் அது உட்கார முடியாத அடுப்பறை. உள் திரைச்சீலை உதவாது. சூடு ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டிருக்கும். வெளிப்புறம் பொருத்தும் வெள்ளை வலைத்துணி உறைகள் வேண்டும், முன்கண்ணாடியில் ஒன்றாவது திறக்க வேண்டும், கூரையில் பெரிய மூடி வேண்டும். அந்த மூடி வழியாகத்தான் உள்ளிருந்து பாயைப் பார்க்கவும் முடியும் என்பதால், இரண்டு வகையிலும் அது இல்லாத படகு குறைதான். குளிர் நாட்டுக்கு டீசல் ஹீட்டரின் சூடான காற்று முன்கண்ணாடிக்கும் போகக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரின் மூச்சிலேயே கண்ணாடி மங்கிவிடும்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

இரண்டு சக்கரங்கள் உள்ள படகுகளில் பெரும்பாலும் ஹைட்ராலிக் சுக்கான்தான். அதில் நீரின் அழுத்தம் கைக்குத் தெரியாது. பாய் அதிகமாகிப் படகு காற்றை நோக்கித் திரும்பத் துடிக்கும்போது கேபிள் சுக்கான் கையை இழுத்துச் சொல்லும். ஹைட்ராலிக் சொல்லாது, சாய்வைப் பார்த்துத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வெளிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருப்பவரைச் சக்கரத்தைத் திருப்பச் சொல்லுங்கள். சுக்கான் அசைவதற்கு முன் அரைச் சுற்று வெறுமையாக ஓடினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது.

காற்று பலமாக இருக்கும் நாளைக் கேட்டு வாங்கிப் போங்கள். உயர்ந்த அறையின் பக்கவாட்டில் காற்று மோதுவதால், துறைமுகத்துக்குள் மெதுவாகத் திரும்பும்போது அணியம் எவ்வளவு ஒதுங்குகிறது என்று அன்றுதான் தெரியும். காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஏறச் சொல்லி, உண்மையான கோணத்தை வரைபடத்தில் பாருங்கள். இந்த வகைப் படகு காற்றுக்கு 50 பாகைக்குள் போகாவிட்டால் குறையாக நினைக்காதீர்கள், ஆனால் 60 ஆனால் பாய் பழசா, உடலமைப்பே அப்படியா என்று கேளுங்கள்.

கடைசியாக, அவசரச் சுக்கான் கைப்பிடி. பின் கேபின் உள்ள படகுகளில் அதைப் பொருத்தும் இடம் பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில் இருக்கும். மெத்தையைத் தூக்கி, பலகையைக் கழற்றி, கைப்பிடியைச் சுக்கான் தண்டில் மாட்டி, ஹைட்ராலிக் வால்வைத் திறந்துவிட்டு, உள்ளே மண்டியிட்டவர் வெளியே பார்க்க முடியாமல், மேலே இருப்பவர் கத்துவதைக் கேட்டு ஓட்ட வேண்டும். அதை ஓடும் படகில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். கைப்பிடி எங்கே இருக்கிறது என்று விற்பவரே தேட ஆரம்பித்தால், ஹைட்ராலிக் குழாய்களையும் சிலிண்டரையும் கடைசியாக எப்போது திறந்து பார்த்தார் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.